குர்கான் ஓட்டலில் சாப்பிட்டது யார்? பாஸ்புத்தகத்தில் வந்த மர்ம பில்!

பெரம்பூர் வீட்டில் மாமனார்-மருமகள் சண்டை
விசாரணையில் வெளிவந்த உண்மை

சென்னை-

பெரம்பூரைத் தாண்டி அதிகம் போகாத ஒருவர், அரியானா மாநிலம் குர்கானில் 1,840 ரூபாய்க்குச் சாப்பிட்டதாக அவருடைய பாங்கிக் கணக்கு சொன்னால் எப்படி இருக்கும்?

அந்த ஒரே ஒரு வரியால் ஒரு வீட்டில் இரண்டு நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. மருமகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் புறப்பட்டு விட்டார்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

பாஸ்புத்தகம்

அந்தப் பெரியவர் எங்கள் தெருக்காரர். ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 67. மாதாமாதம் பென்சன் பணம் பாங்கியில் விழுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாங்கிக்குப் போய், பாஸ்புத்தகத்தில் வரவு-செலவைப் பதிந்துகொண்டு வருவார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவால் ஒவ்வொரு வரியாக டிக் அடிப்பார்.

கடந்த மாதமும் அப்படித்தான் டிக் அடித்தார். கரண்டு பில் சரி. கேஸ் சிலிண்டர் சரி. ஏ.டி.எம்.மில் எடுத்த 5 ஆயிரம் சரி. திடீரென்று பேனா நின்றது!

ஏதோ ஒரு "புட்ஸ் அண்ட் ஹாஸ்பிட்டா..." என்று பாதிப் பெயர். இடம் போதாமல் மீதியை மிஷின் வெட்டி விட்டது. பக்கத்தில் குர்கான் என்று ஊர்ப் பெயர். தொகை 1,840 ரூபாய்.

பெரியவர் திடுக்கிட்டார்.

மருமகள் மீது சந்தேகம்

அந்த வீட்டில் கார்டு பீரோவில் இருக்கும். மளிகை வாங்க மருமகள்தான் எடுத்துப் போவார். ரகசிய எண்ணும் அவருக்குத் தெரியும். அதனால் பெரியவரின் சந்தேகம் நேராக அவர் மீது பாய்ந்தது.

"ஏம்மா, கார்டை எடுத்துக்கிட்டு எந்த ஓட்டலுக்குப் போனே? 1,840 ரூபாய்க்கு அப்படி என்னத்தைச் சாப்பிட்டே?" என்று கேட்டார்.

"மாமா, மளிகைக் கடையைத் தவிர நான் எங்கேயும் போகலை. என்னைத் திருடின்னு சொல்றீங்களா?" என்று மருமகள் அழுதார்.

ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த மகன் நடுவில் மாட்டிக்கொண்டார். அப்பாவிடம் ஒரு திட்டு. மனைவியிடம் ஒரு திட்டு. மறுநாள் காலையில் மருமகள், 6 வயது மகனையும் அழைத்துக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறத் தயாராகி விட்டார்.

அதன் பிறகுதான் பெரியவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ பேப்பர்காரன். போலீஸ்ல உனக்கு ஆள் தெரியும். இந்தக் குர்கான்காரன் யாருன்னு கண்டுபிடிச்சிக் குடு. என் வீட்டு மானம் போவுது" என்றார்.

நான் கேசு எடுத்துக்கொண்டேன். மருமகளிடம், "அக்கா, சாயந்திரம் வரைக்கும் பொறுத்துக்குங்க" என்று கேட்டுக்கொண்டு, பெரியவரோடு பாங்கிக்குப் போனேன்.

பாங்கி அதிகாரி பேட்டி

பாங்கி அதிகாரி பொறுமையாகப் பேசினார். "பேர் மட்டும் போடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். அவரிடம் நான் கேட்ட கேள்விகளும், அவர் அளித்த பதில்களும் வருமாறு:-

கேள்வி:- பெரியவர் டெல்லிப் பக்கமே போனதில்லை. குர்கான் எப்படி வந்தது?

பதில்:- ஊர்ப் பெயரைப் பார்த்து பயப்படக் கூடாது. கார்டு தேய்க்கும் மிஷினை எந்தக் கம்பெனி பெயரில் வாங்கியிருக்கிறார்களோ, அந்தப் பெயர்தான் கணக்கில் விழும். தலைமை ஆபீஸ் இருக்கும் ஊரும் சில நேரம் சேர்ந்து விழும். சாப்பிட்டது சென்னையாக இருந்தாலும் புத்தகத்தில் வேறு ஊர் வரலாம்.

கேள்வி:- கடை வாசலில் போர்டு இருக்கிறதே, அந்தப் பெயரைப் போட்டால் என்ன?

பதில்:- போர்டு வேறு, கம்பெனி வேறு. டோமினோஸ் பீட்சா கடைகளை நம் நாட்டில் நடத்துவது ஜூபிலண்ட் புட் ஒர்க்ஸ் என்ற கம்பெனி. தென் இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்துவது ஹார்ட்கேசில் ரெஸ்டாரண்ட்ஸ். கபே காபி டேக்குப் பின்னால் இருப்பது காபி டே குளோபல். வீட்டுக்கு சாப்பாடு கொண்டு வரும் ஸ்விக்கியின் கம்பெனிப் பெயர் ரொம்ப காலம் பண்டில் டெக்னாலஜிஸ் என்றுதான் இருந்தது. சொமாட்டோ கம்பெனி 2025-ல் எடர்னல் என்று பெயர் மாறியது. சாப்பிடுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அதனால்தான் வாரம் நாலு பேராவது இங்கே வந்து சண்டை போடுகிறார்கள்.

கேள்வி:- பெயருக்கு முன்னால் ஏதேதோ எழுத்து இருக்கிறதே?

பதில்:- அதுதான் முதல் துப்பு. பி.ஓ.எஸ். என்று இருந்தால் கடையில் கார்டைத் தேய்த்தோ, மிஷினில் காட்டியோ பணம் கொடுத்தது. யு.பி.ஐ. என்று இருந்தால் செல்போனில் கொடுத்தது. அதில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். உங்கள் செல்போனில் அந்தப் பணம் போன இடத்தைத் தொட்டுப் பார்த்தால் அதே எண் வரும். இரண்டும் ஒத்துப்போனால் அது நீங்கள் கொடுத்த பணம்தான்.

கேள்வி:- தேதி மாறி வருமா?

பதில்:- கிரெடிட் கார்டில் வரும். சனிக்கிழமை சாப்பிட்டது திங்கட்கிழமை கணக்கில் ஏறலாம். அதனால் ஒன்றிரண்டு நாள் முன்னும் பின்னும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி:- மருமகளிடம் ரகசிய எண்ணைச் சொன்னது சரியா?

பதில்:- (பெரியவரைப் பார்த்து) தப்பு சார். வீட்டு ஆளாக இருந்தாலும் சொல்லக் கூடாது. நாளைக்கு உண்மையிலேயே திருட்டுப் போனால், "எண்ணை நீங்களே கொடுத்தீர்கள்" என்று உங்கள் மீதே பழி திரும்பும்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

துப்பு துலங்கியது

பாங்கியை விட்டு வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். பெரியவரின் செல்போனை வாங்கிப் பார்த்தேன். படிக்காத எஸ்.எம்.எஸ். நூற்றுக்கணக்கில் கிடந்தது. பாஸ்புத்தகத்தில் இருந்த தேதியை வைத்துத் தேடினேன். அகப்பட்டது! 1,840 ரூபாய் கழிந்ததாக பாங்கி அன்றே செய்தி அனுப்பி இருந்தது. நேரம் இரவு 8 மணி 52 நிமிடம். இரண்டரை மாதத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

மகனுக்குப் போன் போட்டு, "அந்தத் தேதியில் எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

ஐந்தாவது நிமிடம் போட்டோ வந்து விழுந்தது. பேரனின் பிறந்த நாள்! பீட்சா கடை மேஜையைச் சுற்றி குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் பீட்சாத் துண்டோடு சிரிப்பது யார்?

சாட்சாத் பெரியவரேதான்!

"அய்யய்யோ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "பேரனுக்கு நான்தான் வாங்கித் தருவேன்னு நானே கார்டைக் குடுத்தேன் தம்பி. நம்பரை அமுக்குனதும் நான்தான். பீட்சா கடைன்னுதான் ஞாபகம். குர்கானைக் கண்டேனா?"

சந்தேகம் தீர அந்தக் கடைக்கே போனோம். கேஷியர் ஒரு பில்லைக் காட்டினார். மேலே பெரிய எழுத்தில் கடைப் பெயர். அடியில் எறும்பு எழுத்தில், பாஸ்புத்தகத்தில் இருந்த அதே கம்பெனிப் பெயர்!

பில்லின் அடியைப் பாருங்கள்

பில்லின் அடிப்பாகத்தை நாம் யாரும் படிப்பதில்லை. அதில்தான் முழு ஜாதகமும் இருக்கிறது.

ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். 33 என்றால் தமிழ்நாடு. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இந்த எண்ணைப் போட்டால், சட்டப்படி உள்ள பெயர், வியாபாரப் பெயர் இரண்டையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உணவுப் பாதுகாப்பு லைசென்சின் 14 இலக்க எண்ணையும் பில்லில் அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி 1-ந் தேதி முதல் கட்டாயமாக்கப்பட்டது.

ஆகவே பில்லைக் கசக்கி எறியாமல், கணக்கு சரிபார்க்கும் வரை வைத்திருப்பது நல்லது. பில் இருந்திருந்தால் பெரம்பூரில் சண்டையே வந்திருக்காது.

பெண் பெயரால் வந்த வம்பு

இதே போல இன்னொரு தமாஷ் வியாசர்பாடியில் நடந்தது.

ஆட்டோ டிரைவர் ஒருவரின் செல்போனை அவருடைய மனைவி எடுத்துப் பார்த்தார். யு.பி.ஐ. கணக்கில் ஒரு பெண்ணின் பெயர். காலை 7 மணிக்கு 60 ரூபாய், 70 ரூபாய் என்று ஒரே மாதத்தில் 22 தடவை பணம் போயிருந்தது. மனைவி பத்திரகாளி ஆகி விட்டார்.

"யாருய்யா இவ? தெனம் காலையில் அவளுக்குப் படியளக்கிறியா?"

டிரைவர் பேசாமல் மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், தெருமுனை டிபன் கடை முன்னால் இறக்கினார். கடைக்கு வைத்திருப்பது முருகன் பெயர். ஆனால் பாங்கிக் கணக்கோ, இட்லி ஊற்றும் ஆயாவின் பெயரில்! ஆயாவுக்கு 70 வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டுப் பொக்கை வாயால் சிரித்து, நாலு இட்லி கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

முன்பெல்லாம் பணம் கொடுக்கும்போது செல்போனில் கடைக்காரர் வைத்த பெயரோ, நாம் பதிந்து வைத்த பெயரோ தெரிவது உண்டு. அதை வைத்து ஏமாற்று வேலை நடந்தது. அதனால், பாங்கிக் கணக்கில் உள்ள உண்மையான பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனம் உத்தரவு போட்டது. 2025 ஜூன் 30-ந் தேதிக்குள் எல்லா செல்போன் செயலிகளும் இப்படி மாற வேண்டும் என்று கெடு வைத்தது. மோசடியைத் தடுக்க வந்த உத்தரவு, வியாசர்பாடியில் ஒரு ஆட்டோ டிரைவரை வம்பில் மாட்டி விட்டது!

இது நிஜத் திருட்டு

பெரம்பூரும் வியாசர்பாடியும் சிரிப்பில் முடிந்தன. அயனாவரத்தில் அப்படி முடியவில்லை.

அங்கே 24 வயதுப் பெண் ஒருவர். மருந்துக் கடையில் வேலை. மாதச் சம்பளம் 14 ஆயிரம் ரூபாய். ஒரு வியாழக்கிழமை மாலை பஸ்சில் அவருடைய கார்டு எங்கோ விழுந்து விட்டது. அது அவருக்குத் தெரியாது.

அன்று இரவே ஒரு ஓட்டல் பெயரில் 640 ரூபாய் கழிந்ததாக எஸ்.எம்.எஸ். வந்தது. வெள்ளிக்கிழமை இன்னொரு ஓட்டல், 1,120 ரூபாய். சனிக்கிழமை மறுபடி 1,390 ரூபாய். மொத்தம் 3,150 ரூபாய்!

அவருக்கு 19 வயதில் ஒரு தம்பி. முன்பு ஒரு தடவை அக்காவின் கார்டை எடுத்து நண்பர்களோடு பிரியாணி சாப்பிட்டவன். இதுவும் அவன் வேலைதான் என்று அக்கா முடிவு கட்டி விட்டார். கேட்டால் அம்மா மனம் நோகும் என்று கேட்கவில்லை. தம்பியோடு பேச்சை மட்டும் நிறுத்தி விட்டார்.

புதன்கிழமை இரவுதான் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"அக்கா, நான் உன் கார்டைத் தொடவே இல்லை. உன் பையைப் பாரு" என்றான் தம்பி.

பையில் கார்டு இல்லை!

'டாப்' செய்தால் போதும்

ரகசிய எண் தெரியாமல் மர்ம ஆசாமி எப்படிச் சாப்பிட்டான்?

அந்தக் கார்டில் 'டாப்' வசதி இருந்தது. கார்டின் மேல் சின்னச் சின்ன வளைவுக் கோடுகள் போட்டிருக்குமே, அதுதான் அடையாளம். மிஷின் மேல் காட்டினால் போதும், பணம் போய் விடும். ஒரு தடவைக்கு 5 ஆயிரம் ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே பணம் கொடுக்க 2021 ஜனவரி 1-ந் தேதி முதல் ரிசர்வ் பாங்கி அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பு 2 ஆயிரம் ரூபாய்தான். இந்த வசதி வேண்டாம் என்றால் பாங்கியின் செல்போன் செயலியிலேயே நிறுத்தி வைக்கலாம். தொகைக்கு வரம்பும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஓட்டல்களில் ஒன்றுக்கு நான் போய்க் கேட்டேன்.

"லைன்ல நாப்பது பேரு நிக்கறாங்க சார். மிஷின்ல பீப் சத்தம் வந்துச்சின்னா அடுத்த ஆளு. கார்டுல யாரு பேரு இருக்குன்னு எங்கே பாக்கறது?" என்றார் கல்லாவில் இருந்தவர்.

ஒரு நாள் தாமதம்

அந்தப் பெண் வியாழக்கிழமை காலையில் பாங்கிக்கு ஓடினார். கார்டை முடக்கினார்கள். புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் நாள் கணக்கு இடித்தது.

ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-ந் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையில் இதற்கு விதி போட்டது. பாங்கி மீதும் தப்பு இல்லை, வாடிக்கையாளர் மீதும் தப்பு இல்லை, மூன்றாவது ஆளால் பணம் போனது என்றால், பாங்கியிடம் இருந்து செய்தி வந்த 3 வேலை நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. செய்தி வந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்கில் 10 ஆயிரம் ரூபாய் வரையோ, போன தொகையோ, இதில் எது குறைவோ அந்த நஷ்டம் வாடிக்கையாளர் தலையில் விழலாம். 7 நாளும் தாண்டினால் அந்தந்த பாங்கியின் சொந்தக் கொள்கைப்படிதான் முடிவு.

இந்தப் பெண்ணுக்கு முதல் எஸ்.எம்.எஸ். வியாழக்கிழமை. வெள்ளி ஒரு நாள். அந்தச் சனிக்கிழமை மாதத்தின் இரண்டாவது சனி, விடுமுறை. ஞாயிறும் கிடையாது. திங்கள், செவ்வாயோடு 3 நாள் முடிந்தது. புகார் கொடுத்தது 5-வது நாள். அடுத்த இரண்டு பில்லுக்கும் புதன்கிழமை வரை நேரம் இருந்தது. வியாழக்கிழமை போனதால் அவை 4-வது நாள் ஆகி விட்டன.

ஒரே ஒரு நாள்! அதில் 2,510 ரூபாய் தொங்குகிறது.

வாடிக்கையாளர் மீது தப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு பாங்கியுடையது என்றும், பாங்கி நினைத்தால் நஷ்டத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்றும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் அவர் மனு கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை.

"பணம் போனா போவுது சார். நாலு நாள் தம்பி மூஞ்சியைப் பாக்காம இருந்தேனே, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றார் அந்தப் பெண்.

என்ன செய்ய வேண்டும்?

தெரியாத ஓட்டல் பெயர் கணக்கில் வந்தால், முதலில் தொகை, தேதி, நேரம் மூன்றையும் எஸ்.எம்.எஸ்.சில் பாருங்கள். அன்று எங்கே இருந்தீர்கள் என்று யோசியுங்கள். வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். சந்தேகப்பட்டுக் கேட்காதீர்கள், சாதாரணமாகக் கேளுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் போதும்.

அப்படியும் தெரியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. அன்றே கார்டை முடக்கி, பாங்கியில் புகார் எண் வாங்க வேண்டும். எண் கையில் இருந்தால்தான் எந்த நாளில் சொன்னீர்கள் என்பதற்கு அத்தாட்சி.

பாங்கியின் போன் நம்பரை செல்போனில் தேடி எடுக்காதீர்கள். போலி நம்பரைப் போட்டு வைத்துக் காத்திருக்கும் கில்லாடிகள் உண்டு. கார்டின் பின்பக்கத்திலேயே நம்பர் அச்சடித்திருக்கிறது. போனில் யார் கேட்டாலும் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள்.

திருட்டு என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கும் உடனே போன் செய்ய வேண்டும். 2017 விதிப்படி, புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் பாங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 30 நாளாகியும் பாங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் முறையிடலாம். விவரம் கேட்க 14448.

இரண்டு தடவை கழிந்தால்?

சில நேரம் கல்லாவில் "பணம் வரலை சார், மறுபடி போடுங்க" என்பார்கள். இரண்டாவது தடவை போடுவோம். கணக்கில் பார்த்தால் இரண்டு தடவையும் கழிந்திருக்கும்! இதற்கு ஓட்டல்காரரோடு சட்டையைப் பிடிக்க வேண்டியதில்லை. கடைக்குப் போய்ச் சேராத பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் அதன் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் பாங்கி சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2019 செப்டம்பர் 20-ந் தேதி ரிசர்வ் பாங்கி போட்ட உத்தரவு இது. கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் பொருந்தும்.

பெட்டி பிரிந்தது

பெரம்பூருக்கு வருவோம்.

பீட்சா கடையில் இருந்து நாங்கள் திரும்பியபோது சாயந்திரம் ஆகி விட்டது. வாசலில் கட்டிய பெட்டி அப்படியே இருந்தது. பெரியவர் உள்ளே போனார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் குரல் கேட்டது.

"ஏம்மா, தப்பு என்னுதுதான். குர்கான்ல சாப்பிட்டது நான்தான்!"

முதலில் சிரித்தது பேரன். அப்புறம் மருமகள். பெட்டி உள்ளே போய் விட்டது.

அயனாவரத்துப் பெண்ணின் கதையை நான் சொன்னபோது பெரியவர் வெகுநேரம் பேசவில்லை.

"நானும் அந்தப் பொண்ணும் ஒரே தப்பைத்தான் செஞ்சிருக்கோம் தம்பி. பாங்கியைக் கேக்கறதுக்கு முன்னாடி வீட்டு ஆளைச் சந்தேகப்பட்டோம். எனக்கு ஒண்ணும் போவலை. அதுக்குப் பாவம், நாள் போயிடுச்சி" என்றார்.

இப்போது அவர் மூன்று மாதம் காத்திருப்பதில்லை. எஸ்.எம்.எஸ். வந்ததும் மருமகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறார். மாமனார் சொல்லச் சொல்ல, கடையின் போர்டுப் பெயரையும் தொகையையும் மருமகள் நோட்டில் எழுதி வைக்கிறார். ரகசிய எண்ணையும் மாற்றி விட்டார். புது எண் மருமகளுக்குத் தெரியாது. மளிகைக் கடைக்கு இப்போது பெரியவரே துணைக்குப் போகிறார்.